யாதவகிரியில் பிறந்த ஜாவா

மைசூருக்குச் செல்லும் நம்மவர்கள் அரண்மனையைக் காண்கிறார்கள். பிருந்தாவனத் தோட்டத்து விளக்குகளைக் காண்கிறார்கள். சாமுண்டி மலைமேல் நின்று நகரை ஒரு முறை நோக்கிவிட்டு, சந்தன சோப்பும் மைசூர்ப்பாகும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள யாதவகிரிப் பக்கம் எவரும் போவதில்லை. போனாலும், நாம் சொல்ல வரும் பொருளைப் பற்றி அங்கே காண்பதற்கு இன்று ஒன்றும் இல்லை. ஆயினும் 1961 முதல் 1996 வரை, முப்பத்தைந்து ஆண்டுக் காலம், தென்னாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மோட்டார் சைக்கிள் பிறந்த இடம் அதுவே. ஆசிரியர்களும், தோட்டத்துக் கணக்கர்களும், கிராமங்களுக்குச் செல்லும் மருத்துவர்களும் ஓட்டிய ஜாவா வண்டி அங்கேதான் உருவாயிற்று.

ஜாவா என்பது தீவின் பெயரன்று. செக் நாட்டுப் பிராகா நகரில் பிரான்டிஷெக் யானெச்செக் என்பவர் 1929-இல் ஜெர்மானிய வாண்டரர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கித் தொழில் தொடங்கினார். தம் பெயரின் முதல் ஈரெழுத்தையும் வாண்டரர் என்பதன் முதல் ஈரெழுத்தையும் இணைத்து வண்டிக்குப் பெயரிட்டார். அந்த வண்டியை இந்தியாவில் செய்ய முன்வந்தவர்கள் ருஸ்தம் இரானி, பரூக் இரானி ஆகியோர். ஐடியல் ஜாவா என்னும் அவர்களது தொழிற்சாலையை 1961-இல் திறந்து வைத்தவர், அந்நாளில் மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். 1973 முதல் வண்டியின் பெயர் எஸ்டி என மாறிற்று. இரானி குடும்பத்தாரின் பூர்விகமான யஸ்து நகரின் நினைவாக இட்ட பெயர் என்பர். பெயர் மாறிற்றே ஒழிய, எஞ்சினின் குணம் மாறவில்லை. அந்தக் குணத்தைப் பற்றியே இக்கட்டுரை.

நாம் அங்கே செல்ல நேர்ந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கோவையில் நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தந்தையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பதைக் கடந்தவர். 1968-இல் வாங்கிய 250 சி.சி. ஜாவா ஒன்று அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் நால்வரையும் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், திருவிழாவுக்கும் சுமந்த வண்டி அது. கடந்த மூன்று ஆண்டுகளாக அது சரியாக ஓடவில்லை. தொட்டவுடன் சீறும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் அடங்காது, இரண்டு கிலோமீட்டர் ஓடினால் கொதிக்கும், பின் நின்றுவிடும். மூன்று பட்டறைக்காரர்கள் மூன்று முறை கார்புரேட்டரை மாற்றினர். நோய் தீரவில்லை. பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு உணவு கொள்ளாமல் படுத்துக்கொண்டார் என்று நண்பர் நம்மிடம் சொன்னார். எனவே வண்டியைச் சிறு லாரியில் ஏற்றி, சத்தியமங்கலம், திம்பம் வழியே, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மைசூர் வந்து சேர்ந்தோம்.

மண்டி மொஹல்லாவின் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. உடையவர் தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசும் முதியவர். அனைவரும் அவரைப் பாய் என்றே அழைக்கின்றனர். நண்பர் தம் பையிலிருந்து மூன்று கார்புரேட்டர்களையும் எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தார். பாய் அவற்றைத் தொடவும் இல்லை.

“தம்பி, மூச்சுக் குழலில் நோய் இல்லை, நெஞ்சில் ஓட்டை” என்றார்.

இதன் பொருள் விளங்க வேண்டுமாயின், டூ-ஸ்ட்ரோக் எனப்படும் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். புல்லட் போன்ற நான்கு வீச்சு எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி நேரே பிஸ்டனுக்கு மேலே செல்கிறது. அதனை உள்ளே விடவும் வெளியே விடவும் தனித்தனி வால்வுகள் உண்டு. ஜாவாவில் வால்வு என்பதே இல்லை. ஆவி முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் மேலே ஏறுகையில் அந்த அறை ஆவியை உள்ளிழுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்குகையில் அதனை நெருக்கிப் பக்கவாட்டு வழிகளால் மேலே தள்ளுகிறது. கொல்லன் உலையருகே இருக்கும் துருத்தியை நினைத்துக்கொண்டால் போதும். கிராங்க் அறையே அந்தத் துருத்தி. பிஸ்டனின் மேற்புறம் நெருப்பு, கீழ்ப்புறம் மூச்சு.

துருத்தியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையோடு, அளவில்லாத வெறுங்காற்றும் ஓட்டை வழியே உள்ளே புகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை கடுஞ்சூட்டை உண்டாக்கும். ஆக்ஸிலேட்டரை மூடினாலும் ஓட்டை மூடாதாகையால் எஞ்சின் அடங்காமல் சீறும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உருகி ஓட்டை விழுவதும் உண்டு. ஆனால் வெளியே இருந்து காண்பவர்க்கு இவை யாவும் கார்புரேட்டரின் கோளாறாகவே தோன்றும். மூன்று பட்டறைக்காரர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

கிராங்க் தண்டின் இரு முனைகளும் அந்த அறையின் சுவர்களைத் துளைத்து வெளியே வருகின்றன. இடப்புற முனையில் கிளட்சுக்குச் செல்லும் சங்கிலிச் சக்கரம். வலப்புற முனையில் டைனமோ. இரு துளைகளிலும் ரப்பர் விளிம்பு கொண்ட ஆயில் சீல் ஒவ்வொன்று இருக்கும். விலை சொற்பமான இப்பொருள்களே துருத்தியின் வாயைக் கட்டி வைத்திருக்கின்றன. இடப்புறத்து சீல் கிழிந்தால், கிளட்சு அறையில் உள்ள எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். வண்டிக்குப் பின்னால் வெண்புகை தெரு முழுவதும் நிற்கும். எண்ணெய் எங்கும் ஒழுகாமலே குறைந்துகொண்டு வரும். வலப்புறத்து சீல் கிழிந்தால் புகையே இராது. வெறுங்காற்றுத்தானே உட்புகுகிறது! ஆகவே வலப்புறத்து நோய் கண்ணுக்குத் தெரியாதது. அதிகக் கேடு விளைப்பதும் அதுவே.

பாய் வலப்புற மூடியைக் கழற்றினார். ஜாவாவில் டைனமோவின் சுழலும் பகுதி கிராங்க் தண்டின் நுனியிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனை இரு விரல்களால் பற்றி மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். நம் விரலிலும் அந்த அசைவு தெரிந்தது. பேரிங் தேய்ந்து, தண்டு தன் நேர்க்கோட்டில் நில்லாமல் ஆடுகிறது. ஆடும்போது சுற்றியுள்ள காந்தச் சுருள்களின் முகங்களில் உராய்ந்து பளபளவென்ற கோடுகளை இட்டிருந்தது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. தீப்பொறியை நேரம் பார்த்துத் தரும் பாயிண்ட்டைத் திறந்து மூடும் சிறு குமிழும் அதே தண்டின் நுனியில்தான் இருக்கிறது. அங்கே இருக்க வேண்டிய இடைவெளி 0.4 மில்லிமீட்டர். தண்டே ஆடுமாயின் அந்த இடைவெளி எப்படி நிலைக்கும்? ஒரு சுற்றில் தீப்பொறி முந்தும். மறு சுற்றில் பிந்தும். ஆக, கிராங்க் தேய்ந்த வண்டி ஒரு நாள் கார்புரேட்டர் கெட்டதுபோல் நடிக்கும். மறுநாள் மின்சாரம் கெட்டதுபோல் நடிக்கும்.

பிறகு டைனமோவைக் கழற்றினார். எஞ்சினின் உள்வாயையும் வெளிவாயையும் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பினால் மிகச் சிறிதளவு காற்றை உட்செலுத்தி, வலப்புறத்து சீலின் மேல் சோப்பு நீரைத் தடவினார். குழந்தைகள் ஊதும் குமிழிபோல் ஒன்று எழுந்து, பெரிதாகி, உடைந்தது. மூன்றாண்டுக் குழப்பம் அந்தக் குமிழியில் தீர்ந்தது.

சீலை மட்டும் மாற்றினால் போதாதா என்று நண்பர் கேட்டார். ஆடும் தண்டு புதிய சீலையும் விரைவில் கிழித்துவிடும் என்று பாய் விளக்கினார். எஞ்சினைப் பிரித்தாயிற்று. ஜாவாவின் கிராங்க் ஒரே இரும்பால் வார்க்கப்பட்டதன்று. கனத்த இரு வட்டுகள். அவற்றை இணைக்கும் ஒரு பின். அந்தப் பின்னைச் சுற்றி உருளைகள். உருளைகளின் மேல் கனெக்டிங் ராடு. பின்னை வட்டுகளின் துளைகளில் அசுர பலத்துடன் அழுத்திச் செருகியிருப்பார்கள்; வேறு பிடிப்பு எதுவும் இல்லை. தேய்ந்த உருளைகளை மாற்ற வேண்டுமாயின் நீரழுத்தப் பிரஸ் ஒன்றில் வைத்து வட்டுகளைப் பிரித்து, புதிய பின்னும் ராடும் இட்டு, மீண்டும் அழுத்திச் சேர்க்க வேண்டும். பிரிப்பது எளிது, சேர்ப்பதே வித்தை. இரு வட்டுகளும் மயிரிழை பிறழ்ந்து சேர்ந்தாலும் தண்டின் இரு முனைகளும் ஒரே நேர்க்கோட்டில் இரா.

அந்த வித்தையை அறிந்தவர் அருகில் வேறொரு கொட்டகையில் இருக்கிறார். எழுபதுக்கு மேற்பட்ட வயது. பாய் தம் கிராங்க்குகளை அவரைத் தவிர வேறு எவரிடமும் கொடுப்பதில்லையாம். அவர் சேர்த்த கிராங்க்கை இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, அளவுமானியின் முள்ளைத் தண்டின் மேல் வைத்து, கையால் மெல்லச் சுழற்றினார். முள் ஆடிற்று. வட்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டு, செப்புச் சுத்தியலால் ஒரே ஓர் அடி. மறுபடி சுழற்றினார், முள் குறைவாக ஆடிற்று. மீண்டும் ஓர் அடி. எங்கே அடிப்பது, எவ்வளவு அடிப்பது என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் அதில் மூன்று கூறுக்கு மேல் ஆட்டம் இருத்தலாகாது என்பது அவருடைய கணக்கு. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. முள் அசைவற்றதுபோல் நின்றபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார்.

இவ்வேலையைக் கற்றுக்கொள்ளச் சில பையன்கள் வந்ததுண்டு என்றார். எவரும் நிலைக்கவில்லை. நாம் அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு நாளைக்கு ஒரு கிராங்க் வந்தால் பெரிது. அதைக் கொண்டு எந்த இளைஞன் குடும்பம் நடத்துவான்?

வேலை முடியும்வரை பாய் அந்த மூன்று கார்புரேட்டர்களையும் ஆராய்ந்தார். இரண்டு புதியவை, வேறு வண்டிகளுக்குரியவை. மூன்றாவது, வண்டியுடன் வந்த பழைய ஜிகோவ். செக் நாட்டில் செஸ்கே புடயோவிச்சே நகரத்து ஜிகோவ் நிறுவனத்தின் வடிவம் அது. அமைப்பு மிக எளிது. கீழே சிறு கிண்ணம். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தவுடன் மிதவை எழும்பி வழியை அடைக்கும். நடுவே ஆக்ஸிலேட்டர் கம்பி இழுக்கும் உருளை. உருளையிலிருந்து தொங்கும் ஊசி. ஊசி மேலே எழ எழ, பெட்ரோல் வரும் துவாரம் அகலும். ஊசியின் தலையில் சில வெட்டுகள் உண்டு. எந்த வெட்டில் கொக்கியை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் கலவை செறிவாகவோ மெலிதாகவோ அமையும். குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பச் சிறு பொத்தானை விரலால் அழுத்தி, மிதவையை அமிழ்த்தி, பெட்ரோல் ததும்பும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் கிக்கரை உதைக்க வேண்டும். ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல்தான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், இயல்பாக விட்டால் கியர். பழகாதவர் அதைத் தேடித் தவிப்பதைப் பார்ப்பது அக்காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

பாய் பழைய பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதோ சலசலத்தது. வெந்நீரில் அமிழ்த்தியபோது பற்றவைத்த விளிம்பில் ஊசிமுனைக் குமிழிகள் எழுந்தன. மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து, அது மிதக்க மறந்துவிட்டது. ஈயம் வைத்து அடைத்தார். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பற்றியும் அவருக்கு மனக்குறை உண்டு. அது ஈரத்தை உறிஞ்சுகிறது. பழைய ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கிறது. நெடுநாள் நிறுத்தும் வண்டியில் கிண்ணத்தை வடித்துவிடுங்கள் என்றார்.

எண்ணெய் விஷயத்தில் அவர் சொன்ன ஒன்று நமக்குப் புதிது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்த எண்ணெயே கிராங்க்குக்கும் பிஸ்டனுக்கும் உயவு. இருபத்தைந்துக்கு ஒன்று என்பது ஜாவாவின் கணக்கு. பத்து லிட்டருக்கு 400 மில்லி. சிலர் வண்டியின் மேல் உள்ள பாசத்தால் இருமடங்கு ஊற்றுகிறார்கள். கார்புரேட்டரின் துவாரம் அதேதான். அதன் வழியே எண்ணெய் மிகுந்து வந்தால் பெட்ரோல் குறைந்துதானே வரும்? கலவை மெலியும், சூடு ஏறும். எண்ணெய் ஊற்ற ஊற்ற எஞ்சின் குளிரும் என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதும் நாம் புகையைப் புகழ வந்தோமில்லை. இந்த எஞ்சினில் புதிய கலவை உள்ளே வரும் வேளையிலேயே வெளிவாயும் திறந்திருக்கிறது. கலவையில் கணிசமான பங்கு எரியாமலே வெளியேறிவிடுகிறது. நகரங்களில் இத்தகைய வண்டிகள் இலட்சக்கணக்கில் ஓடியபோது சிறுவர்களின் நெஞ்சில் என்ன படிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் இவ்வகை எஞ்சின்கள் சாலையிலிருந்து மறையத் தொடங்கின, மறைந்தது நன்றே. யாதவகிரி ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஜாவா என்னும் பெயர் 2018-இலும் எஸ்டி என்னும் பெயர் 2022-இலும் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட புது வண்டிகள். துருத்தியும் இல்லை, மிதவையும் இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் மைசூர் சென்றோம். பாய் வைகறையில் சாமுண்டி மலைச் சாலையில் ஓட்டிப் பழக்கி வைத்திருந்தார். புதிய உருளைகள் பதியும் வரை பத்து லிட்டருக்கு 500 மில்லி எண்ணெய். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. மணிக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். இவை அவருடைய நிபந்தனைகள். நண்பர் வண்டியில் முன்னே செல்ல, நாம் காரில் பின்தொடர்ந்தோம். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர்க் காடு, முதுமலை, கூடலூர். வழக்கம்போல் திம்பம் வழியே திரும்பாமல் உதகை வழியைத் தேர்ந்ததற்குக் காரணம், பெரியவரின் பழைய குறிப்புப் புத்தகம். ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் எத்தனை பெட்ரோல், எத்தனை எண்ணெய், பிளக்கின் நிறம் என்ன என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில், “உதகை: ஊசி ஒரு வெட்டு இறக்குக. குன்னூர் தாண்டி ஏற்றுக” என்றிருந்தது. மகனுக்கு அதைச் செய்து பார்க்க ஆசை.

கூடலூர் கடந்து நடுவட்டம் ஏறுகையிலேயே எஞ்சினின் குரல் மாறிற்று. சீராக ஒலித்தது, இப்போது ஒன்றுவிட்டு ஒன்று வெடிப்பதுபோல் தடுமாறிற்று. பைக்காரா அருகே நிறுத்திப் பிளக்கைக் கழற்றினோம். கரிபோல் கறுத்து, ஈரமாய் இருந்தது. உதகை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றுகிறது. காற்று போதாமல் கலவை செறிந்து, எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. நண்பர் புத்தகத்தில் உள்ளபடியே ஊசியை ஒரு வெட்டு இறக்கினார். இரண்டு நிமிடத்தில் குரல் தெளிந்தது.

ஏறுவதைவிட இறங்குவதே இந்த எஞ்சினுக்கு ஆபத்து என்பதைப் பலர் அறியார். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சரிவு. கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் கார்புரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிடில் எண்ணெயும் வராது. கிராங்க்கும் பிஸ்டனும் வறண்டு உராயும். ஆதலின் குன்னூரைத் தாண்டியதும் ஊசியை மீண்டும் ஏற்றி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக நண்பர் ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகித் திருகி இறங்கினார். பாக்குத் தோப்புகளிடையே அந்த ஒலி எதிரொலித்துக்கொண்டே வந்தது. கல்லாற்றில் வெயில் சுட்டது.

மேட்டுப்பாளையத்தில் தேநீர்க் கடை ஒன்றின் முன் நிறுத்திப் பிளக்கை மறுபடி கழற்றினோம். காப்பிக் கொட்டையின் நிறம். ஆக்ஸிலேட்டரை மூடியபோது எஞ்சின் தயங்காமல் தணிந்து, ‘டப்... டப்...’ என்று நின்ற இடத்தில் நின்றது. நண்பர் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய தந்தையாரின் கையெழுத்தில் இறுதியாக இருந்த தேதிக்குக் கீழே, அன்றைய தேதியையும், பெட்ரோல் அளவையும், பிளக்கின் நிறத்தையும் எழுதினார். பிறகு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசாமல், கைப்பேசியை சைலன்சர் பக்கமாக நீட்டினார்.